‘ட்ரபிள்’ என்றால் கஷ்டம் மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. நீளமான, கடினமான சொற்களில் அவர்கள் அவ்வளவாக இடறுவதில்லை. சந்தேகம் வந்தால் அகராதியைத் திறந்துவிடுகிறார்கள். சிறுவயதிலிருந்தே தெரியும் என்று நினைக்கிற சின்னச் சொற்களில்தான் கால் வழுக்குகிறது. ‘ட்ரபிள்’ அப்படிப்பட்ட ஒரு சொல். வகுப்பிலும் கடிதங்களிலும் அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘ட்ரபிள்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது?

ஒரே ஒரு சொல்லைக் கேட்டால் கிடைக்காது. அகராதியில் கஷ்டம், தொல்லை, துன்பம் என்று போட்டிருப்பார்கள். மூன்றும் சரி. ஆனால் அந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வாக்கியம் அமைத்தால் பாதி இடங்களில் தவறிவிடும்.

வண்டி நடுவழியில் நின்றுபோனால் அது இன்ஜின் ட்ரபிள். நாம் அதைக் கோளாறு என்போம். ஒருவன் வேண்டுமென்றே சண்டை வளர்த்தால் அதுவும் ட்ரபிள். நமக்கு அது வம்பு. நமக்காக ஒருவர் அலைந்து திரிந்து ஒரு காரியத்தை முடித்துத் தந்தால் அவர் பட்டதும் ட்ரபிள்தான். அதைச் சிரமம் என்று சொல்லி நன்றி கூறுவோம். வேலை நேரத்தில் ஒருவர் ஓயாமல் வந்து நின்றால் தொந்தரவு. எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டால் சிக்கல். கூட்டத்தில் கைகலப்பு மூண்டால் கலவரம். மனத்துக்குள் புரண்டால் கலக்கம். வாழ்க்கையில் வந்து குடியேறிவிட்டால் துன்பம், இன்னல், இடர். ஆங்கிலம் ஒரு பையில் போட்டு வைத்திருப்பதை நாம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எனவே மொழிபெயர்க்கும்போது எந்தத் தமிழ்ச் சொல் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. ட்ரபிளைத் தனியாகப் பார்க்காமல், மனிதர் அதோடு எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். அவரிடம் அது இருக்கிறதா? அதற்குள் அவர் இருக்கிறாரா? அதை அவர் தாமாக எடுத்துக்கொள்கிறாரா? அடுத்தவருக்குக் கொடுக்கிறாரா? ஹேவ், இன், டேக், காஸ் ஆகிய சின்னச் சொற்கள்தான் இதைச் சொல்கின்றன. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த நான்கைச் சுற்றியே வரும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கலங்கிய நீரிலிருந்து. அடையாளமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான். கலங்கலானது, குழம்பியது என்ற பொருளுடைய ‘டுர்பிடுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் பழைய பிரெஞ்சு மொழிக்கு வந்து, அங்கிருந்து 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. விமானம் குலுங்கும்போது அறிவிக்கிறார்களே ‘டர்புலன்ஸ்’, அறைக் கதவில் தொங்கவிடுகிறார்களே ‘டிஸ்டர்ப்’ செய்யாதீர்கள் என்று, அவையும் இதே குடும்பம். பிரெஞ்சில் இன்றும் ‘த்ரூப்ல்’ என்றால் தெளிவில்லாத, கலங்கிய என்று பொருள்.

இதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் நம் ‘கலங்கு’ என்ற வினை நடந்துவந்த பாதையும் இதுவே. குளம் கலங்குகிறது, கண் கலங்குகிறது, மனம் கலங்குகிறது. அடியில் படிந்திருந்த சேறு மேலே எழுந்து தெளிவைக் கெடுக்கிறது என்ற ஒரே காட்சிதான் மூன்றிலும் இருக்கிறது.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இந்த இரண்டு பொருளும் ஒரே நூலிலேயே, யோவான் நற்செய்தியில், வருகின்றன. 5ஆம் அதிகாரத்தில் தேவதூதன் குளத்தில் இறங்கி நீரை ‘ட்ரபிள்’ செய்கிறான்; தமிழில் ‘தண்ணீரைக் கலக்குவான்’. 14ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இதயம் ‘ட்ரபிள்டு’ ஆக வேண்டாம் என்று வருகிறது. தமிழில் ‘உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக’. தமிழில் பெயர்த்தவர்கள் இரண்டு இடத்திலும் கலங்கு என்ற வேரைவிட்டு விலகவில்லை. எவ்வளவு கச்சிதமான தேர்வு!

‘குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது’ என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்திலும் அதே வழக்கு இருக்கிறதா?

இருக்கிறது. ‘ஃபிஷ் இன் ட்ரபிள்டு வாட்டர்ஸ்’. சண்டை சச்சரவில் ஆதாயம் தேடுவது என்ற அதே பொருளில், அதே காட்சியோடு. இங்கே ‘ட்ரபிள்டு’ என்பதைத் துன்புற்ற என்று பெயர்த்தால் பொருள் கெட்டுப்போகும். குழம்பிய என்பதுதான் சரி.

இன்னொரு வழக்கும் உண்டு: கலங்கிய நீரில் எண்ணெய் ஊற்றுவது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதை மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு இது தூண்டிவிடுவதுபோலத் தோன்றும். பொருள் நேர் எதிர்: சண்டையைத் தணிப்பது. கொந்தளிக்கும் நீரில் எண்ணெய் ஊற்றினால் அலை அடங்கும் என்பது மாலுமிகளிடம் நெடுநாளாக இருந்த நம்பிக்கை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனை அடுத்த கிளாப்பத்தில் ஒரு குளத்தில் இதைச் செய்து பார்த்தார். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பில் பரவி நீரைக் கண்ணாடிபோல் ஆக்கியதாக எழுதினார். அந்தக் கட்டுரை 1774இல் அச்சானது. எண்ணெய் மெல்லிய படலமாகப் படர்ந்துவிட்டால் காற்றால் நீரைப் பற்றிச் சிற்றலை எழுப்ப முடிவதில்லை.

எப்படி உச்சரிக்க வேண்டும்?

எழுத்தைப் பார்த்து ‘ட்ரௌபிள்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘டபிள்’, ‘கப்பிள்’, ‘கஸின்’, ‘கன்ட்ரி’ ஆகியவற்றில் உள்ள அதே குறில் ஒலிதான் இதிலும். கடைசி ‘ள்’ ஒலிக்கு முன்னால் இகரத்தை அழுத்த வேண்டாம். ‘ட்ரப்’ என்று சொல்லிய உதடு திறக்கும்போதே நாக்கு ‘ல்’ ஒலிக்குப் போய்விட வேண்டும்.

‘ட்ராவல்’ என்பதோடு காதில் குழம்புகிறவர்கள் உண்டு. அதன் பொருள் பயணம். ஆனால் ஒரு வியப்பு: பயணத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லும் துன்பத்திலிருந்து பிறந்ததுதான். கடும் உழைப்பு, வேதனை என்று பொருள்படும் ‘ட்ரவெய்ல்’ என்ற சொல்தான் பிரிந்து ட்ராவல் ஆனது. அந்தக் காலத்தில் பயணம் அப்படி இருந்திருக்கிறது.

‘ஐ ஹேவ் ட்ரபிள்’, ‘ஐ ஆம் இன் ட்ரபிள்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதும், பாதிக்கு மேல் தேறிவிட்டீர்கள்.

‘ஹேவ் ட்ரபிள்’ என்றால் ஒரு வேலையைச் செய்வதில் சிரமம் இருக்கிறது. கதவு திறக்கவில்லை, தூக்கம் வரவில்லை, எழுத்து தெரியவில்லை. யார்மீதும் குற்றமில்லை, ஆபத்தும் இல்லை.

‘இன் ட்ரபிள்’ என்றால் நீங்கள் அதற்குள் விழுந்துவிட்டீர்கள். ஆபத்து, தண்டனை, கடன், அவமானம், இப்படி ஏதோ ஒன்று உங்களைச் சூழ்ந்திருக்கிறது. ‘இன் ட்ரபிள் வித் த போலீஸ்’ என்றால் காவல்துறையிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு குழந்தை ‘ஆம் ஐ இன் ட்ரபிள்?’ என்று கேட்டால், ‘எனக்குத் திட்டு விழப்போகிறதா?’ என்று பொருள். படகு ‘இன் ட்ரபிள்’ என்றால் உடனே யாராவது போய்க் காப்பாற்ற வேண்டும்.

என்னிடம் படித்த ஓர் இளைஞர், தம் மேலதிகாரி அனுப்பிய கோப்பு கணினியில் திறக்கவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தலைப்பில் ‘ஐ ஆம் இன் ட்ரபிள்’ என்று எழுதிவிட்டார். உள்ளே இருந்ததோ கோப்பைப் பற்றிய இரண்டே வரி. மேலதிகாரி தலைப்பை மட்டும் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து தொலைபேசியில் அழைத்திருக்கிறார். ‘எங்கே இருக்கிறீர்கள்? உடம்புக்கு ஒன்றுமில்லையே?’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இளைஞர் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் ஓப்பனிங் த ஃபைல்.’

அந்த வாக்கியத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். ‘ஹேவ் ட்ரபிள்’ என்பதற்குப் பின் வினைச்சொல் வந்தால் அது ‘இங்’ என்று முடிய வேண்டும். ‘ஹேவ் ட்ரபிள் ஸ்லீப்பிங்’ சரி. ‘ஹேவ் ட்ரபிள் டு ஸ்லீப்’ தவறு. நாம் ஏன் அந்தத் தவறைச் செய்கிறோம் என்பதும் எனக்குப் புரிகிறது. ‘தூங்குவதற்குச் சிரமமாக இருக்கிறது’ என்ற நம் வாக்கியத்தில் உள்ள ‘கு’ உருபை ‘டு’ என்று மாற்றிவிடுகிறோம். ‘தூங்குவதில் சிரமம்’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டு எழுதிப் பாருங்கள், ‘இங்’ தானாக வந்து உட்காரும். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘வித்’ போட வேண்டும்: ‘ட்ரபிள் வித் மை ஐஸ்’, கண்ணில் தொந்தரவு.

‘எ ட்ரபிள்’ என்று ஒருமையில் சொல்லலாமா?

பெரும்பாலும் கூடாது. தண்ணீரை எப்படி ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டோமோ, ட்ரபிளும் அப்படியே எண்ணிக்கைக்கு வராத பெயர். ‘சம் ட்ரபிள்’, ‘எ லாட் ஆஃப் ட்ரபிள்’ என்று அளந்துதான் சொல்ல வேண்டும். ஒன்று என்று எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘ப்ராப்ளம்’ என்ற சொல் இருக்கிறது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது விண்வெளி வீரர்கள் தரைக்கட்டுப்பாட்டுக்குச் சொன்னது, ‘ஹூஸ்டன், வீவ் ஹேட் எ ப்ராப்ளம்.’ அந்த இடத்தில் ‘எ ட்ரபிள்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் ‘இன் ட்ரபிள்’ ஆக இருந்தார்கள் என்று சொல்லலாம், அது முழு உண்மை. ப்ராப்ளம் என்பது தீர்க்க வேண்டிய ஒன்று. ட்ரபிள் என்பது அது தீரும்வரை நாம் படுகிற பாடு.

அப்படியானால் ‘ட்ரபிள்ஸ்’ என்று பன்மையில் பார்த்திருக்கிறேனே?

பன்மை உண்டு. ஒருவருடைய வாழ்க்கையில் சேர்ந்துபோன கவலைகளை ‘ட்ரபிள்ஸ்’ என்பார்கள். பணக் கவலைகள் ‘மணி ட்ரபிள்ஸ்’. புதிதாகத் தொடங்கிய ஒரு வேலையில் ஆரம்பத்தில் வரும் சிறு கோளாறுகளுக்கு ‘டீதிங் ட்ரபிள்ஸ்’ என்று பெயர்; குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வரும் தொல்லையிலிருந்து வந்த அழகான வழக்கு அது. பல் முளைத்துவிட்டால் தொல்லை போய்விடும் என்ற ஆறுதலும் அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது.

முன்னால் ‘த’ வந்து, முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் எச்சரிக்கையாகப் படியுங்கள். வட அயர்லாந்தில் 1960களின் இறுதியிலிருந்து 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் உருவாகும்வரை நீடித்த வன்முறைக் காலத்துக்கு ‘த ட்ரபிள்ஸ்’ என்று பெயர். சுமார் 3,500 பேர் உயிரிழந்தார்கள். ஒரு மொழிபெயர்ப்பில் இதைத் ‘தொல்லைகள்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து மனம் வருந்தினேன். அத்தனை சாவுகளுக்குத் தொல்லை என்ற சொல் ஈடாகாது. ‘வட அயர்லாந்து மோதல்’ என்று எழுதுவதே நியாயம். ரஷ்ய வரலாற்றில் 1598 முதல் 1613 வரையிலான குழப்பமான ஆண்டுகளையும் ஆங்கிலத்தில் ‘டைம் ஆஃப் ட்ரபிள்ஸ்’ என்கிறார்கள். ரஷ்ய மொழியில் அதன் பெயர் ‘ஸ்மூத்தா’. அந்தச் சொல்லின் வேரும் கலங்கிய நீரைத்தான் குறிக்கிறது! எத்தனை மொழிகள் ஒரே குளத்தின் கரையில் வந்து நின்றிருக்கின்றன.

மருத்துவர் ‘வாட்ஸ் த ட்ரபிள்?’ என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்?

‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்கிறார். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று சொல்லத் தொடங்குங்கள்.

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. ஒருமுறை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது; அம்மாவுக்குப் பள்ளியில் படித்த அளவு ஆங்கிலம். நாற்காலியில் உட்கார்ந்ததும் மருத்துவர் சிரித்த முகத்துடன் ‘வாட்ஸ் த ட்ரபிள்?’ என்றார். அம்மா அவசரமாக இடது கையை அசைத்து, ‘நோ ட்ரபிள், டாக்டர், நோ ட்ரபிள்’ என்றார். வந்து சேர்ந்ததில் ஏதும் சிரமம் இருந்ததா என்று அவர் அக்கறையாக விசாரிப்பதாக அம்மா புரிந்துகொண்டிருக்கிறார். பெரிய மனிதர் கேட்கும்போது குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை வேறு. வலது கை மட்டும் மடியிலிருந்து எழவே இல்லை. மருத்துவர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் வலது கையை மெதுவாகத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். அம்மாவும் உயர்த்தப் பார்த்தார். தோள் உயரத்துக்கு வருவதற்குள் முகம் சுருங்கிவிட்டது. ‘இதுதான் ட்ரபிள்’ என்று நான் தமிழில் சொன்னேன். ‘இதைத்தான் கேட்டாரா?’ என்று அம்மா வியந்தார்.

உறுப்பின் பெயரோடு சேர்ந்து வந்தால் அது நோயைக் குறிக்கும்: ‘ஹார்ட் ட்ரபிள்’ என்றால் இதயக் கோளாறு, ‘பேக் ட்ரபிள்’ என்றால் முதுகுவலி. நாம் சகஜமாகச் சொல்லும் ‘கேஸ் ட்ரபிள்’ மட்டும் எல்லா நாட்டிலும் செல்லாது. நம் வழக்கு தெரியாதவர் அடுப்பு எரிவாயுவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு. செரிமானம் ஆகவில்லை, வயிறு உப்புகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

‘டேக் த ட்ரபிள்’ என்றால் வம்பை வரவழைத்துக்கொள்வதா?

இல்லை, அது பாராட்டு. ஒருவர் செய்யாமலே இருந்திருக்கலாம். ஆனாலும் தாமாக முன்வந்து சிரமப்பட்டுச் செய்தார் என்று பொருள். நம்மிடம் இதற்கு ‘மெனக்கெட்டு’ என்ற அருமையான சொல் இருக்கிறது. ‘ஷீ டுக் த ட்ரபிள் டு ரைட் டு மீ’ என்பதை ‘அவர் மெனக்கெட்டு எனக்குக் கடிதம் எழுதினார்’ என்று பெயர்த்தால் ஒரு துளிகூடச் சிந்தாது.

இங்கே வினைச்சொல் ‘டு’ போட்டுத்தான் வரும். ‘ஹேவ் ட்ரபிள்’ என்றால் ‘இங்’, ‘டேக் த ட்ரபிள்’ என்றால் ‘டு’. விதியை மனப்பாடம் செய்வதைவிட இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுவதே மேல்.

விருந்துக்கு வந்தவர் ‘யூ ஷுடன்ட் ஹேவ் கான் டு ஆல் திஸ் ட்ரபிள்’ என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார் என்று எண்ண வேண்டாம். ‘எதற்கு இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டீர்கள்?’ என்று நாமும் சொல்வோமே, அதே நன்றிதான். ‘நோ ட்ரபிள் அட் ஆல்’ என்று பதில் சொன்னால் போதும். என் அம்மா சொன்ன பதில் இந்த இடத்துக்கு மிகச் சரியான பதில்.

‘சாரி டு ட்ரபிள் யூ’ என்று எப்போது சொல்லலாம்?

தெரியாதவரிடம் வழி கேட்கும்போது, வேலையாக இருப்பவரை நிறுத்தி ஒன்றைக் கேட்கும்போது. ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்’ என்பதற்கு நிகரான பணிவான தொடர் அது. ‘மே ஐ ட்ரபிள் யூ ஃபார்...’ என்று தொடங்கி ஒரு பொருளைக் கேட்பதும் உண்டு. கொஞ்சம் பழைய பாணி, மரியாதை கூடுதல்.

‘தொந்தரவு கொடுக்காதே’ என்பதை அப்படியே ‘டோன்ட் கிவ் மீ ட்ரபிள்’ என்று சொல்கிறோம். அதில் மிரட்டல் தொனி வந்துவிடுகிறது, ‘என்னிடம் வம்பு வைத்துக்கொள்ளாதே’ என்பதுபோல. சும்மா தொந்தரவு செய்யாதே என்று சொல்ல வேண்டுமானால் ‘டோன்ட் பாதர் மீ’.

‘வம்பை விலைக்கு வாங்குவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

‘ஆஸ்க் ஃபார் ட்ரபிள்’. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது. தேடிப் போய் வம்பு இழுத்தால் ‘லுக் ஃபார் ட்ரபிள்’. இதையே வழக்கமாக வைத்திருப்பவர் ‘ட்ரபிள்மேக்கர்’. ‘பாரோ ட்ரபிள்’ என்று அமெரிக்காவில் வழங்கும் தொடரை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வராத துன்பத்துக்கு முன்கூட்டியே கவலைப்படுவது. நாளைய துன்பத்தை இன்றே கடன் வாங்குவது.

வம்பு எப்போதும் கெட்டது என்ற எண்ணத்தையே மாற்றிக் காட்டிய மனிதர் ஜான் லூயிஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர், பின்னாளில் பல ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர். நிறவெறியைப் பற்றிச் சிறுவயதில் கேட்டபோது, உலகம் அப்படித்தான், ட்ரபிளில் மாட்டிக்கொள்ளாதே என்று பெற்றோர் சொன்னதை அவர் மேடைகளில் அடிக்கடி நினைவுகூர்வார். பிள்ளையைப் பெற்ற எவரும் சொல்லக்கூடிய சொல். அவர் மாட்டிக்கொண்டார். 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரத்துப் பாலத்தில் வாக்குரிமைக்காக அமைதியாக நடந்து சென்றபோது காவலர்கள் அடித்ததில் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது. 2020இல் இறக்கும்வரை இளைஞர்களுக்கு அவர் சொல்லிவந்தது, ‘குட் ட்ரபிள், நெசசரி ட்ரபிள்’ செய்யுங்கள் என்பது. இதை எப்படித் தமிழாக்குவது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். ‘நல்ல தொல்லை’ ஒட்டவில்லை, ‘நல்ல வம்பு’ விளையாட்டாகிவிடுகிறது. ‘நியாயமான கலகம்’ என்பதே எனக்கு இப்போதைக்கு நிறைவு தருகிறது.

‘ட்ரபிள்டு’, ‘ட்ரப்ளிங்’, ‘ட்ரபிள்சம்’?

கலங்கியிருப்பவர் ‘ட்ரபிள்டு’. அவரைக் கலங்க வைக்கும் செய்தி ‘ட்ரப்ளிங்’. கலங்க வைக்கும் அளவுக்கு இல்லாமல் ஓயாமல் படுத்துகிற இருமலோ வேலையோ ‘ட்ரபிள்சம்’.

‘டிஃபிகல்டி’, ‘ஹார்ட்ஷிப்’, ‘சஃபரிங்’ ஆகியவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

‘டிஃபிகல்டி’ என்பது கடினத்தன்மை. கணக்கு கடினமாக இருக்கிறது, ஏற்றம் செங்குத்தாக இருக்கிறது. ‘ஹேவ் ட்ரபிள்’ என்பதற்குப் பதிலாக ‘ஹேவ் டிஃபிகல்டி’ என்று எழுதினால் நடை சற்று அலுவல்தன்மை பெறும், பொருள் மாறாது. அதற்குப் பின்னாலும் ‘இங்’தான்.

‘ஹார்ட்ஷிப்’ வேறு ரகம். உணவு, உறைவிடம், பணம் போன்ற அடிப்படைத் தேவைகளே இல்லாமல் நெடுநாள் வாடுவது அது. போர்க்காலத்து மக்கள் பட்டது ஹார்ட்ஷிப். பூட்டுத் திறக்காமல் அரைமணி நேரம் நின்றவர் பட்டது ட்ரபிள். கல்விக்கட்டணத்தில் சலுகை கேட்டோ கடன் தவணைக்கு அவகாசம் கேட்டோ விண்ணப்பம் எழுதும்போது ‘ஃபைனான்ஷியல் ஹார்ட்ஷிப்’ என்ற தொடரையே பயன்படுத்துங்கள். ‘மணி ட்ரபிள்ஸ்’ என்று எழுதினால் நண்பரிடம் புலம்புவதுபோல் இருக்கும். படிப்பவர் அதன் கனத்தை உணராமல் போய்விடக்கூடும். சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் ஒரு விண்ணப்பம் கவனமாகப் படிக்கப்படும் என்றால், அந்த அக்கறையைக் காட்டத்தான் வேண்டும்.

‘சஃபரிங்’ உள்ளே நடப்பது. உடலின் வேதனை, மனத்தின் வேதனை. ட்ரபிள் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறது. சஃபரிங் அதை நாம் உணரும் விதம்.

‘ட்ரபிள்ஷூட்டிங்’ என்பதில் ‘ஷூட்’ எங்கே வந்தது?

1900ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் பழுது எங்கே இருக்கிறது என்று தேடிச் சரிசெய்தவர்களை அமெரிக்காவில் ‘ட்ரபிள்ஷூட்டர்’ என்று அழைத்தார்கள். வேட்டைக்காரர் இரையைத் தேடிப் போவதுபோல அவர்கள் பழுதைத் தேடிப் போனார்கள். இன்றைக்குக் கணினியில் வரும் அந்தத் தலைப்பைப் ‘பழுதறிதல்’ என்று சொல்லலாம்.

‘நெவர் ட்ரபிள் ட்ரபிள் டில் ட்ரபிள் ட்ரபிள்ஸ் யூ’ என்பதைப் பிரித்துச் சொல்ல முடியுமா?

முதல் ட்ரபிள் வினை, இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர், நான்காவது மீண்டும் வினை. ‘துன்பம் உன்னைத் துன்புறுத்தும்வரை நீ துன்பத்தைச் சீண்டாதே’ என்று பொருள்.

வகுப்பில் இதை எழுதிப்போட்டால் உடனே அதன் பக்கத்தில் 623ஆம் குறளையும் எழுதிவிடுவேன்:

இடும்பைக்கு இடும்பை படுப்பர் இடும்பைக்கு
இடும்பை படாஅ தவர்.

துன்பம் வந்தபோது துவண்டுபோகாதவர்கள் அந்தத் துன்பத்துக்கே துன்பத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆங்கிலத் தொடரில் ஏழு சொற்கள், அவற்றில் நான்கு ட்ரபிள். குறளில் ஏழு சீர்கள், அவற்றில் நான்கு இடும்பை. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இரண்டு மொழிகளும் ஒரே சொல்லை நான்கு முறை சுழற்றியிருக்கின்றன, அவ்வளவே. ஆனால் அறிவுரை வேறு. ஆங்கிலம் விலகி நில் என்கிறது. துன்பம் வந்த பிறகு என்ன செய்வது என்பதைக் குறள் சொல்கிறது. மாணவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கும்போது எது வினை, எது பெயர் என்பது விளக்கமில்லாமலே பிடிபட்டுவிடுகிறது.

தவிர்க்க வேண்டிய பயன்பாடு ஏதாவது இருக்கிறதா?

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் ஆண் ஒரு பெண்ணை ‘காட் ஹர் இன்டு ட்ரபிள்’ என்று பழைய கதைகளில் வந்தால், திருமணமாகாத அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதை மூடி மறைத்துச் சொல்கிறார்கள். இப்போது வழக்கு குறைந்துவிட்டது. ஆனாலும் உங்களால் ஒரு தோழிக்கு அலுவலகத்தில் திட்டு விழுந்தது என்று எழுதும்போது, ‘அட் ஒர்க்’ என்றோ ‘வித் ஹர் பாஸ்’ என்றோ சேர்த்துவிடுங்கள்.